ஆறு ஏழுக்கு எழுந்து நிற்கும் நிலம்

அல்லியும் இல்லாத, ஏரியும் இல்லாத அல்லியேரி நகரில், பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை, காலை ஆறு மணி ஏழு நிமிடத்துக்கு, எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் ராடார் சாட்டிலைட் கடந்துபோகும் நேரம் பார்த்து, நிலம் எழுந்து நின்றது. துள்ளி எழவில்லை. வகுப்புக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் பிள்ளைகள் எழுவதுபோல மரியாதையாக, மூன்று தெருவையும் நூற்றுப் பதினெட்டு வீட்டையும் பிள்ளையார் கோயிலையும் ரேஷன் கடையையும் சுமந்துகொண்டு ஒரு சாண் உயரம் எழுந்து, இரண்டு நிமிடம் அசையாமல் நின்று, சாட்டிலைட் வடக்கிலிருந்து தெற்கே போய் மறைந்ததும், பழைய பள்ளத்திலேயே திரும்ப உட்கார்ந்துகொண்டது.

முதல் தடவை எல்லா வீட்டு அடுப்பிலும் பால் சிந்தியது, எல்லாரும் பாலைத் திட்டினார்கள். இரண்டாம் தடவை அடுப்பைத் திட்டினார்கள். மூன்றாம் தடவை ஆறு ஐந்துக்கே பாத்திரத்தை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டார்கள், விஷயம் அத்தோடு முடிந்தது. ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடத்தில் குடியிருப்பவர்களுக்கு ஆச்சரியப்பட நேரம் ஏது? நலச்சங்கத்தின் செயலாளர், டெலிபோன் டிபார்ட்மெண்டில் ஓய்வு பெற்ற வேதாசலம், எழும் நாட்களைச் சிவப்பில் வட்டமிட்டு ஒரு காலண்டரே அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார். பதினோரு நாள் பின்பக்கமாக ஓடிய இரண்டாம் தெருச் சாக்கடை அன்றைக்கு மட்டும் முன்பக்கமாக ஓடியதால், ஆறு ஏழுக்கு எல்லா வீட்டிலும் வாளி வாளியாகத் தண்ணீரைக் கொட்டினார்கள். இறுகிப்போன பீரோக்கள் அந்த இரண்டு நிமிடம் திறந்தன, அடுத்த பன்னிரண்டு நாளில் வரும் கல்யாணங்களுக்கு வேண்டிய பட்டுப்புடவைகளை அப்போதே எடுத்து வைத்தார்கள். பக்கத்து வீட்டு டிவியை ஒட்டுக்கேட்பவர்போலச் சாய்ந்திருந்த பிள்ளையார் நிமிர்ந்து உட்கார்ந்தார், குருக்கள் அவசர அவசரமாக அபிஷேகத்தை முடித்தார். சலூன்காரர் ஆறேகால் ஆகும்வரை யார் கழுத்திலும் கத்தி வைக்க மாட்டார்.

மூன்றாம் தெருவின் கடைசி வீட்டில் இருந்த மங்கையர்க்கரசிக்கு மட்டும்தான் பயமாக இருந்தது. பயப்படுவதற்கு அவளுக்கு இரண்டு காரணங்கள் இருந்தன, இரண்டுமே அவளே தேடிக்கொண்டவை.

அரசி வேலை பார்த்தது தரமணியில், நிலம் எங்கே எவ்வளவு இறங்குகிறது என்று சாட்டிலைட் படங்களை வைத்துக் கணக்குப் போடும் ஓர் அலுவலகத்தில். கணக்கைக் கம்ப்யூட்டர் போட்டுவிடும், கணக்குக்குப் படங்களைத் தயார் பண்ணுவதுதான் அரசியின் பாடு. போன தடவை எடுத்த படத்தின் மேல் இந்தத் தடவை எடுத்த படத்தைச் சுவருக்குச் சுவர், கம்பத்துக்குக் கம்பம் மயிரிழை பிசகாமல் பொருத்த வேண்டும். காற்றின் ஈரம் செய்யும் கோணலைக் கழிக்க வேண்டும். நிலையில்லாத மரங்களையும் தண்ணீரையும் ஒதுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், எந்தக் காலத்திலும் அசையாது என்று நம்பத்தக்க ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மற்ற எல்லா இடத்தின் ஏற்ற இறக்கத்தையும் அதிலிருந்துதான் அளப்பது. அல்லியேரி நகருக்கு அரசி தேர்ந்தெடுத்திருந்த புள்ளி, இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த கரட்டுமேட்டுப் பாறை. இத்தனையும் செய்து முடித்தால் இரண்டு வருடமாக வந்த விடை ஒன்றுதான்: அல்லியேரி நகர், இறக்கம், சைபர். அந்த சைபருக்குக் கீழே அவள் கையெழுத்து இருந்தது.

இரண்டாவது காரணத்தை நினைத்தால் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் குடியரசு தினக் கொடியேற்றத்தில், "நம்ம ஏரியாவ யாராச்சும் கவனிக்கறாங்களா மேடம்?" என்று யாரோ கேட்க, வேதாசலம் மைக்கை அவள் கையில் திணிக்க, அவளும் மைதானத்து மண்ணில் செருப்பில்லாமல் நின்றபடி சொன்னாள்: "பன்னெண்டு நாளைக்கு ஒருதரம், காலைல ஆறு ஏழுக்கு, மேல இருந்து பாக்கறாங்க. அன்னிக்கு எல்லாரும் நல்லா நிமிந்து நில்லுங்க!" எல்லாரும் சிரித்தார்கள், மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நிலம் சிரிக்கவில்லை, அது சொன்னதை மனதில் வாங்கிக்கொண்டது.

தொடக்கத்தில் நான்கு விரற்கடைதான் எழ வேண்டியிருந்தது. உட்கார்ந்த ஆழம் கூடக்கூட எழ வேண்டிய உயரமும் கூடியது. சமீபத்தில் எழும்போது அடியில் ஒரு முனகல் கேட்டது, உட்காரும்போது தொப்பென்று உட்கார்ந்தது. கூடத்துச் சுவரின் விரிசலுக்குக் குறுக்கே அரசி ஒரு காகிதத் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைப்பாள். பன்னிரண்டாம் நாள் தவறாமல் அது நடுவில் கிழியும். கிழிந்ததை எடுத்துவிட்டு அவள் வேறொன்றை ஒட்டுவாள். ஏரியின் நடு ஆழத்தில் கட்டிய வீடு அது. ஒருநாள் நிலம் பாதி எழுந்து முடியாமல் போனால், அந்த வீடு அப்படியே உள்ளே போகும். உள்ளே அவள் புருஷனும் மகளும் இருப்பார்கள்.

புருஷன் தனசேகர் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தான். வாரம் ஒருமுறை இழைப்புளியை எடுத்துக்கொண்டு, மூடாமல் இடிக்கும் கதவுகளைச் சீவிச் சீவிச் சரிபண்ணுவதை ஒரு பொழுதுபோக்காகவே ஆக்கிக்கொண்டான்.

"வேற வீடு பாத்துப் போயிடலாங்க," என்றாள் அரசி.

"எதுக்கு?"

"இது உள்ள போவுதுங்க."

"யாரு சொன்னா? உன் ரிப்போர்ட்ட நானும் படிச்சேன். சைபர்னு போட்டு கையெழுத்து போட்டிருக்கியே. அது பொய்யா, இல்ல இப்ப சொல்றது பொய்யா?"

இவனோடு பதினோரு வருடம் சண்டை போட்டவள், தன் கையெழுத்தோடு எப்படிச் சண்டை போடுவாள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் நிறைமதியின் பிறந்தநாள். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அவளைப் படுக்கையறைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு நேரே பென்சிலால் கோடு போடுவது அந்த வீட்டு வழக்கம். மதி மூச்சைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, மெல்ல எக்கினாள்.

"குதிகாலக் கீழ வை," என்றாள் அரசி.

"வெச்சிருக்கேன்மா."

"பொய் சொல்லாத. எக்கி நின்னா வளந்துட்டதா ஆயிடுமா? குதிகாலக் கீழ வைடி."

சொல்லிவிட்டு அவள் பென்சிலோடு அப்படியே நின்றுவிட்டாள். எக்கி நிற்கிறவர்களை அளந்து என்ன பயன்? பார்க்கிறார்கள் என்று தெரியாத நேரத்தில் அல்லவா அளக்க வேண்டும்! அப்போதுதான் போன ஆடி மாதத்துப் படம் ஒன்று அவள் நினைவுக்கு வந்தது. வழக்கமான சாட்டிலைட் இல்லாமல், புதிதாக ஏவிய இன்னொன்று, வரிசையில் இல்லாத ஒரு நாளில், யாருக்கும் சொல்லாமல் ஊரைக் கடந்து எடுத்த படம் அது. மற்ற எந்தப் படத்தோடும் ஒத்துவராததால், கெட்டுப்போன படம் என்று தள்ளிவிட்டிருந்தாள். அறுபது படங்கள் ஒன்றுபோல ஒரு பேச்சுப் பேச, ஒன்றே ஒன்று வேறு பேச்சுப் பேசினால், படம் தயார் பண்ணுகிறவர் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார். சுத்தம் பண்ணுவது என்று அதற்குப் பெயர்.

மறுநாள் குப்பைக் கோப்புறையைத் திறந்து அதை எடுத்து, கரட்டுமேட்டுப் பாறையை ஆதாரமாக வைத்துப் பொருத்தினாள். ஊர் நடுவே ஒரு கிண்ணம் தெரிந்தது, கிண்ணத்தின் அடியில் அவள் வீடு இருந்தது. அறுபதும் பொய், தூக்கிப் போட்ட ஒன்றுதான் நிஜம். உடனே மேலதிகாரி ஐசக்கிடம் போய்க் காட்டினாள்.

ஐசக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒத்தப் படத்த வெச்சு ஒரு தெருவக் காலி பண்ணச் சொல்ல முடியாதும்மா. இதே மாதிரி இன்னொண்ணு கொண்டா, நானே கலெக்டர் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"அந்த சாட்டிலைட் திரும்ப எப்ப சார் வரும்?"

"அது நம்ம கையிலயா இருக்கு? வழக்கமா வர்றதுதான் வரும்."

வழக்கமாக வருவது பன்னிரண்டாம் நாள் ஆறு ஏழுக்கு வரும், அதற்குள் நிலம் எழுந்து நின்றுகொள்ளும். ஆகவே நிலத்தை ஏமாற்ற வேண்டும். ஊரே சேர்ந்து ஏமாற்ற வேண்டும். அந்த ஆலோசனையை ஊருக்குள் வைத்துப் பேசினால் நிலத்தின் காதில் விழும் என்பதால், சங்கக் கூட்டத்தைக் கரட்டுமேட்டுப் பாறையில் கூட்டச் சொன்னாள். அந்தப் பாறைக்கும் அல்லியேரி மண்ணுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கூட்டத்துக்கான காரணத்தைச் சொல்லாமல், சுண்டல் உண்டு என்று மட்டும் சொல்லி அழைத்ததால், நூறு பேருக்குக் குறையாமல் ஷேர் ஆட்டோ பிடித்துப் பாறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அரசி படத்தைக் காட்டி, ஒரே ஒரு தடவை நிலத்தை எழவிடாமல் பண்ண வேண்டும் என்றாள். வேதாசலம் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

"மேடம், நீங்க படிச்சவங்க. இது வெளிய போனா நம்ம வீட்ட ஒருத்தன் சீந்துவானா? அதுவா எழுந்து நிக்குது. நாம நிக்கச் சொன்னமா?"

"நான் சொன்னேன் சார்," என்றாள் அரசி. "மைக்குல சொன்னேன். நீங்கதான் மைக்கு குடுத்தீங்க."

"அது தமாசுக்குச் சொன்னது!"

"அதுக்குத் தமாசு தெரியல சார். போன தடவ எழும்போது கேட்டீங்கல்ல? முனகுச்சு. உங்க பூஜை ரூம்ல விளக்கு உருண்டுச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. என்னிக்காவது அதால முடியாமப் போச்சுன்னா..." கூட்டத்தில் தன் புருஷனைத் தேடினாள். தனசேகர் சுண்டலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிறைய பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். சாக்கடை என்ன ஆவது என்றார்கள், பீரோ என்ன ஆவது என்றார்கள். கடைசியில் பவுனம்மா எழுந்தாள். நான்கு தண்ணீர் லாரிக்குச் சொந்தக்காரி. அல்லியேரி நகரின் அடிமண்ணில் ஆறு போர் போட்டு இரண்டு வருடமாக உறிஞ்சிக்கொண்டிருப்பவள். அவள் எழுந்தாலே எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள், மூடாதவர்கள் வீட்டுக்கு லாரி போகாது.

"அது ஏன் உக்காருதுன்னு எனுக்குத் தெரியும்," என்றாள் பவுனம்மா. "அதும் வயித்துல இருக்கறத நான் உறிஞ்சறேன். நீங்க குடிக்கறீங்க. வெறும் வயித்தோட இருக்கறத எழுப்பி நிக்க வெச்சி, நல்லாத்தான் கீதுன்னு போட்டோ புட்சிக்கறோம். நம்ம வூட்டு ஆளுக்கு இத்தச் செய்வமா? இன்னா சார் நாயம் இது?"

சம்மதம் என்று முதலில் அரசி கையைத் தூக்கினாள், பிறகு பவுனம்மா தூக்கினாள், பிறகு குருக்களும் சலூன்காரரும் தூக்கினார்கள், பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும் எழுந்தன. வேதாசலம் கடைசியாகத் தூக்கினார், முழுதாக இல்லை, காதுவரைக்கும்.

எழும் நாளுக்கு முந்தின மாலை வேதாசலம் மைதானத்து நடுவில் நின்று, மைக்கை வாயருகே பிடித்து, வேர்த்து விறுவிறுத்துப்போய் அறிவித்தார்: "பொதுமக்கள் கவனத்திற்கு. சாட்டிலைட் பழுதாகிவிட்டது. நாளை வராது. இனி எப்போது வரும் என்று தெரியாது. அனைவரும் நிம்மதியாக இருக்கலாம்." சொன்னவர் முகத்தில் நிம்மதியின் சாயல்கூட இல்லை. நல்லவேளை, மண்ணுக்கு முகம் பார்க்கத் தெரியாது.

விடிந்தது. ஊர் முழுக்கச் சாதாரணமாக இருக்கப் பாடுபட்டது. சிவப்பு வட்டம் போட்ட காலண்டர்களைச் சுவரிலிருந்து கழற்றியிருந்தார்கள். பாலை இறக்கிக் கையில் பிடித்தால் நிலத்துக்குச் சந்தேகம் வரும் என்று, விளிம்பு தட்ட நிரப்பிய பாத்திரங்களை அடுப்பிலேயே விட்டிருந்தார்கள். யாரும் பீரோச் சாவியைத் தொடவில்லை. சலூன்காரர் ஆறு ஐந்துக்கு ஒருவர் கழுத்தில் கத்தியை வைத்தார், கழுத்துக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு மழை வருமா என்று பேச்சுக் கொடுத்தார். அரசி அடுப்படியில் பால் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுந்துவிடாதே, எழுந்துவிடாதே என்று மனதுக்குள் சொன்னாள், மனதுக்குள் சொன்னதும் கேட்டுவிடுமோ என்று பயந்து அதையும் நிறுத்தினாள். ஆறு ஆறு ஆனது. ஆறு ஏழு ஆனது. பாலின் மேல் ஒரே ஒரு வளையம் ஓடி விளிம்பில் நின்றது, அடியில் ஏதோ காலை ஊன்றிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டதுபோல. ஆறு ஒன்பது ஆனது. பால் சிந்தவில்லை. அரசி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

படம் அன்று மாலையே வந்தது. இரண்டு படங்களும் ஒரே பேச்சுப் பேசின. மூன்றாம் தெரு இருபத்து மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. ஐசக் சொன்னபடி எடுத்துக்கொண்டு போனார், பத்தாம் நாள் உத்தரவு வந்தது. மூன்றாம் தெருவில் பன்னிரண்டு வீடுகளையும் உடனே காலி செய்ய வேண்டும், பவுனம்மாவின் ஆறு போரையும் மூட வேண்டும். பவுனம்மா அதிகாரி வருமுன்பே தானாக மூடிவிட்டு, லாரிகளைச் சாமான் ஏற்ற அனுப்பினாள். தனசேகர் உத்தரவையும் அதோடு இணைத்திருந்த அவள் ரிப்போர்ட்டையும் இரண்டு முறை படித்தான்.

"உன் கையெழுத்துதான்," என்றான்.

"ஆமாங்க."

"அப்ப சரி," என்று சொல்லி, இழைப்புளியை முதலில் எடுத்துப் பெட்டியில் வைத்தான்.

அடுத்த நாள் பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாச் சாமானும் லாரியில் ஏறிவிட்டது. மதி லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். "ஒரு நிமிஷம், ஒண்ண மறந்துட்டேன்," என்று தனசேகர் உள்ளே போனான். போன கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது, பிறகு சுவர் நெரியும் சத்தம் கேட்டது, பிறகு அவன் குரல் கேட்டது.

"அரசி! வாசக்கதவு அடைச்சிடுச்சு! தொறக்க மாட்டேங்குது!"

வீடு வலப்பக்கமாகச் சாய்ந்தது. சன்னல்களில் கம்பி இருந்தது, பின்பக்கம் வாசலே கிடையாது. அரசி கதவைத் தோளால் இடித்தாள், பவுனம்மா கடப்பாரையால் நெம்பினாள், தெருவே ஓடிவந்து தள்ளியது. நிலை கதவை விடவில்லை. மேலே தளத்தில் ஒரு கோடு ஓடிப் புழுதி கொட்டியது. அரசி மண்ணில் விழுந்தாள், வாசல் மண்ணில் வாயை வைத்துக் கத்தினாள்.

"வருது! சாட்டிலைட் வருது! சரியாயிடுச்சாம்! இப்ப வருது, ஏந்திரு! ஒரே ஒருதரம் ஏந்திரு!"

மணி மூன்று பத்து. மேலே வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. ஒருமுறை ஏமாற்றப்பட்டிருந்தும் அது நம்பியது. அடியிலிருந்து முனகல் எழுந்தது, தெருவில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள், நடுங்கி நடுங்கி, விட்டு விட்டு, விரற்கடை விரற்கடையாக நிலம் எழுந்து நின்றது. வீடு நிமிர்ந்தது. கதவு தானே திறந்துகொண்டது. தலையெல்லாம் சுண்ணாம்போடு தனசேகர் வெளியே ஓடிவந்தான், அவன் கக்கத்தில் படுக்கையறைக் கதவு நிலையிலிருந்து பெயர்த்த ஒரு மரச்சட்டம் இருந்தது. அதில் ஒன்பது பென்சில் கோடுகள் இருந்தன.

அரசி அவன் சட்டையைப் பிடித்து நெஞ்சில் நாலு அடி அடித்தாள். அடித்து முடித்த பிறகுதான் கவனித்தாள், நிலம் இன்னும் உட்காரவில்லை. இரண்டு நிமிடம் கழிந்தது, ஐந்து நிமிடம் கழிந்தது. கம்பங்கள் நடுங்கின, வாளித் தண்ணீர் நடுங்கியது. வருகிறது என்று சொன்னது வந்து போகும்வரை நிற்பதாக அது நின்றுகொண்டிருந்தது. வராத ஒன்றுக்காக இன்னும் எவ்வளவு நேரம் நிற்குமோ!

அரசி எல்லாரையும் மெயின் ரோட்டுக்குப் போகச் சொன்னாள். லாரியும் போனது. தனியாக வாசலில் முழந்தாளிட்டு, இரண்டு உள்ளங்கையையும் மண்ணில் வைத்தாள். மண் காய்ச்சல் கண்ட உடம்பாகச் சுட்டது. பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை சாட்டிலைட் வரத்தான் போகிறது, இன்னும் எத்தனையோ வருடம் வரும், அவளே படங்களைத் தயார் பண்ணுவாள். இனி இதனிடம் பொய் சொல்வதில்லை என்று அவள் முடிவெடுத்தாள்.

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்க," என்றாள். "மேல இருந்து பாப்பாங்க. பாத்தாலும் பரவால்ல. குதிகாலக் கீழ வை."